சமூக விரோத ஆளுமை: பிறப்பிலா, வளர்ப்பிலா?

மனநல மருத்துவம் சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று குறிப்பிடுவது, நாலு பேரோடு பழகக் கூச்சப்படும் சுபாவத்தை அல்ல. கூசாமல் பொய் சொல்வது, ஏமாற்றுவது, கை நீட்டுவது, செய்த தீங்குக்குத் துளியும் வருந்தாமல் இருப்பது எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன இயல்பாகிவிட்டால்தான் அந்தப் பெயர். 18 வயது நிரம்பாத யாருக்கும் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம். ஆனால், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறின் அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே வரையறையில் உண்டு. ஆக, வேர் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறது. அது கருவிலேயே வந்ததா, வீட்டில் பிடித்ததா என்பதில்தான் வழக்கு.

அடிக்கும் தகப்பனின் மகன் அடிதடிக்காரன் ஆனால், காரணம் தகப்பனின் ரத்தமா, தகப்பனின் கையா? ஒரே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்ற நிலையில்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அலசி, சார்னாஃப் மெட்னிக் குழுவினர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெற்றவர்கள், வளர்த்தவர்கள் இரு தரப்பிலும் யாரும் தண்டனை பெறாத நிலையில், ஆண் பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் தண்டனை பெற்றிருந்தனர். வளர்த்தவர்கள் மட்டும் குற்றவாளிகள் என்றால் 14.7, பெற்றவர்கள் மட்டும் என்றால் 20, இரு தரப்பும் என்றால் 24.5. முகம்கூடப் பார்த்திராத பெற்றோரின் சாயல் பிள்ளையிடம் தெரிகிறது என்பது உண்மை. அந்த 20-க்கு எதிரே 80 பேர் எந்தத் தண்டனையும் பெறாமல் வாழ்ந்தார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பெற்றவர்களோடான இந்தத் தொடர்பு சொத்துக் குற்றங்களில்தான் காணப்பட்டது. வன்முறைக் குற்றங்களில் காணப்படவில்லை.

இரட்டையர், தத்துப் பிள்ளைகள் பற்றிய 51 ஆய்வுகளை 2002-இல் சேர்த்து எடைபோட்டபோது, சமூக விரோத நடத்தையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கு சுமார் 41 சதவீதம் என்று வந்தது. மிச்சம் சூழலின் பங்கு. இது மக்கள் தொகுதிக்கான கணக்கு. ஒருவரது குணத்தில் 41 பங்கு தாய் தகப்பனிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. எல்லா முரட்டுத்தனமும் ஒரே ரகம் அல்ல. இங்கிலாந்தில் ஏழு வயது இரட்டையரிடம் எஸ்ஸி விடிங் குழுவினர் நடத்திய ஆய்வில், பிறர் வலி உறைக்காத குழந்தைகளின் முரட்டு நடத்தையில் மரபின் பங்கு 81 சதவீதமாக இருந்தது. இரக்கம் உள்ள, ஆனால் அடங்காத குழந்தைகளிடம் அது 30 சதவீதம்தான்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேர் சிறு வயது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வருகிறார்கள். மூளையில் செரோடோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதியின் மரபணு அவர்களிடம் ஆராயப்பட்டது. அந்த நொதி குறைவாக உருவாகும் வகை மரபணு இருந்ததால் மட்டும் யாரும் வன்முறையாளர் ஆகிவிடவில்லை. அந்த மரபணுவோடு சிறு வயதுக் கொடுமையும் சேர்ந்த ஆண்களிடம்தான் வன்முறை கூடியிருந்தது என்று 2002-இல் அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் குழுவினர் எழுதினர். செய்தித்தாள்கள் இதைப் ‘போர்வீரர் மரபணு’ ஆக்கின. 2009-இல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த மரபணுவையும் ஒரு காரணமாக ஏற்று, ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. தனி மனிதர் ஒருவரின் செயலை அளக்க அந்த ஆய்வு தாங்காது. நீதிமன்றம் அதன்மேல் ஏற்றியது அளவுக்கு மீறிய பாரம்.

பிள்ளையின் சுபாவமும் வளர்ப்பை மாற்றிவிடுகிறது. எதற்கெடுத்தாலும் முரண்டு பிடிக்கும் குழந்தைக்குத் திட்டும் அடியும் கூடுதலாக விழுகின்றன. அதில் முரட்டுத்தனம் இன்னும் தடிக்கிறது. தத்து வீடுகளிலும் இது நடப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று தாயை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். ‘பிறவிக் குணம்’ என்று பிள்ளையைக் கைகழுவிவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஏனென்றால், மரபில் ஆபத்து உள்ள பிள்ளைக்கும் வளர்ப்பு உதவுகிறது. அமெரிக்காவில் குழந்தையைத் தத்தெடுத்த 561 குடும்பங்களை லூக் ஹைட் குழுவினர் கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். பெற்ற தாயிடம் கடுமையான சமூக விரோத நடத்தை இருந்திருந்தால், அவரோடு பழகியே இராத குழந்தையிடமும் 27 மாதத்தில் இரக்கமின்மையின் சாயல் கூடுதலாகத் தெரிந்தது. அதே குழந்தைகள் 18 மாதமாக இருந்தபோது வளர்ப்புத் தாய் அவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதும் பதிவாகியிருந்தது. சொன்னதைச் செய்தால் ‘சமத்து’ என்று பாராட்டுவது, சிரித்த முகம் காட்டுவது, தட்டிக்கொடுப்பது போன்ற சின்னச் சின்னச் செயல்கள்தான் கவனிக்கப்பட்டன. அவை தாராளமாகக் கிடைத்த வீடுகளில், பெற்ற தாயின் நடத்தைக்கும் குழந்தையின் இரக்கமின்மைக்கும் இடையே அந்தத் தொடர்பே தென்படவில்லை.