திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சிக்கு எது கிட்ட, சென்னையா யாழ்ப்பாணமா? வானில் நேர்கோடாக அளந்தால் யாழ்ப்பாணம்தான். திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 290 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி சுமார் 184. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டால் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டும். அப்புறம் 100 கிலோமீட்டர் போலக் கடல், அவ்வளவுதான்.

இந்தத் தடத்தில் 2025 மார்ச்சில் இண்டிகோ நேரடிச் சேவை தொடங்கியது. ஓட்டியது ஏடிஆர் 72, அதாவது இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். மேலே போனபின் அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 184-ஐ வகுத்தால் 22 நிமிடம்தான் வருகிறது. ஆனால் கால அட்டவணை போட்டது ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, அங்கே போய் மறுபடி கட்டை வைப்பது வரைக்குமான நேரம் அது. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. ஏறி நிமிர்ந்த கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். காற்றை எதிர்கொண்டுதான் இறங்குவார்கள் என்பதால், அன்றைய காற்றைப் பொறுத்து ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடுபாதையின் மறுமுனைக்குப் போகவும் நேரலாம். சிறு தாமதத்துக்கென்று சில நிமிடம் கூடுதலாகவும் வைப்பார்கள்.

ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போகலாமே என்று கேட்பார்கள். 2019-இல் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறந்தபோது பயன்பாட்டில் இருந்த ஓடுபாதை 1,400 மீட்டர் அளவுதான். பெரிய ஜெட்டுக்கு அது போதாது. போதுமென்றே வைத்துக்கொண்டாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் மிச்சமாவது சில நிமிடமே.

பயணிக்கு நேரம் போவது தரையில்தான். தூரம் எவ்வளவு குறைவானாலும் இது வெளிநாட்டுப் பயணம். இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டுச் சோதனை இரண்டு கரையிலும் உண்டு. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல். வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஐந்து, ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அதுவே எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பழைய வழியில் போனவர்களுக்குத் தெரியும். சென்னை போய் விமானம் மாற வேண்டும். இல்லையென்றால் கொழும்பில் இறங்கி, வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் பேருந்திலோ ரயிலிலோ வர வேண்டும். ஒரு நாள் அதற்கே சரியாகிவிடும்.

இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 2006-லிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான்.