பாம்புக்கு ஒரு வீடு

டிசம்பர், சனவரி மாதங்களில் மடவளையில் விடியற்காலை குளிர்மிக்கது. மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களின் மீது பனிமூட்டம் கவிந்திருக்கும். வீட்டிலுள்ளோர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வர். அவ்வேளையில், புறத்தே விறகுக் குவியலின் அடியில் சுருண்டு கிடக்கும் சாரைப்பாம்பு யாது செய்யும்? அதற்குப் போர்வையும் இல்லை, அடுப்பும் இல்லை. வெயில் ஏறும்வரை அது அசையாது கிடக்கும். ஏறியபின் வெளிவந்து காயும். சூடு மிகுந்ததும் நிழலை நாடி ஒதுங்கும்.

மனிதன் உண்ணும் உணவின் பெரும்பகுதி அவன் உடம்பை ஏறக்குறைய 37 பாகை செல்சியசு வெப்பத்தில் வைத்திருக்கவே செலவாகிறது. பாம்புக்கு அச்செலவு இல்லை. வேண்டிய வெப்பத்தை அது புறத்திலிருந்தே பெறுகிறது. ஆதலாற்றான் ஒருமுறை இரை உண்டபின் அது பல நாட்கள் பட்டினி கிடக்க முடிகிறது. முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் மலைப்பாம்பு மட்டும், தன் தசைகளை நடுங்கச் செய்து முட்டைகளுக்குச் சூடு தருகிறது. இது வியத்தகு விதிவிலக்கு.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பாம்பை அடைத்து வைப்பவர் அதன் வெயிலையும் நிழலையும் அதனிடமிருந்து பறித்துவிடுகின்றனர். பறித்த இரண்டையும் கூட்டுக்குள்ளே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். கூடு அமைக்கும் கலை முழுவதும் இதனுள் அடங்கும்.

இலண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1849ஆம் ஆண்டிலேயே ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் ஒன்றைத் திறந்தது. 1927இல் அங்கு எழுந்த புதிய இல்லத்தைத் திட்டமிட்டவர் யோன் புரொக்டர் என்னும் பெண் அறிஞர். வெவ்வேறு இடங்களுக்கு வெவ்வேறு அளவில் மின்வெப்பம் ஊட்டும் முறையை அவர் அவ்வில்லத்தில் அமைத்தார்.

இன்று கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் வட அமெரிக்கச் சோளப்பாம்பை வீட்டில் வளர்ப்போர் கைக்கொள்வதும் இம்முறையே. ஒட்டுப்பலகையாலான பெட்டி, முன்புறம் கண்ணாடிக் கதவு, இரு முனைகளிலும் காற்றுத் துளைகள். பெட்டியின் நீளம் பாம்பின் நீளத்துக்குக் குறையாதிருத்தல் நன்று. துளையும் கதவிடுக்கும் பாம்பின் தலை நுழையாத அளவினவாக இருத்தல் வேண்டும். வெப்பத்தை ஒரு முனையில் மட்டுமே அமைப்பர். அம்முனை 30 பாகை அளவிலும் மறுமுனை 24 பாகை அளவிலும் இருக்குமாயின், பாம்பு தனக்கு வேண்டியதைத் தானே தெரிந்துகொள்ளும். இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள இடமும், அருகில் நீர்க்கிண்ணமும் இன்றியமையாதன.

பிழைகள் நேர்வது பெரும்பாலும் அன்பின் மிகுதியாலேயே. குளிருமே என்று கூடு முழுவதையும் சூடாக்கினால் பாம்புக்கு ஒதுங்க இடமின்றிப் போகும். மின்குமிழுக்குக் கம்பிவலைக் காப்பு இடாவிடில், பாம்பு அதன்மேல் சுற்றிக்கொண்டு தோல் வெந்து புண்படும். மாறாக, வெப்பம் குறைந்தால் உண்ட இரை செரியாமல் வயிற்றுள் அழுகும். பாம்பு அதனைக் கக்கிவிடும். ஆதலின், முனைக்கு ஒன்றாக இரண்டு வெப்பமானிகளும், சூடு அளவு கடந்தால் மின்னோட்டத்தை நிறுத்தும் வெப்பநிலைநிறுத்தியும் வேண்டும். கைக்கு இதமாக இருக்கிறது என்பது அளவாகாது.

வெப்ப நாட்டில் இக்கணக்கு தலைகீழாகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. முன்னர் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அத்தொழில் அற்றுப்போகவே, பாம்பைக் கொல்லாது நஞ்சு மட்டும் எடுக்கும் தொழிலை மேற்கொண்டனர். அவர்கள் பாம்பை வைப்பது மண்பானையில்; வாயைப் பருத்தித் துணியால் கட்டிவிடுவர். மண்பானை வெயிலின் கொடுமையைத் தணிக்கும். துணி காற்றை உள்ளே விடும். இருட்டு பாம்பை அமைதிப்படுத்தும். சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர்.

அப்பானைகளுக்கும் மடவளைக்கும் தொடர்பு உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. இலங்கை மருத்துவமனைகள் நெடுங்காலமாக இந்திய மருந்தையே நம்பியுள்ளன. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி வடநெம்மேலிப் பானைகளிலிருந்து வந்தது. ஆயின், மலைநாட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் கடிக்கும் கூர்மூக்குக் குழிவிரியனின் நஞ்சுக்கு அம்மருந்து பயன்படுவதில்லை. இலங்கைப் பாம்புகளைக் கொண்டே மருந்து செய்தல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அம்முயற்சிக்கும் பாம்புகளை நலத்தோடு வைத்திருக்கத் தெரிதல் முதற்படியாகும்.

எனவே பாம்புக்கூடு வெறும் பொழுதுபோக்கன்று, பொறுப்பும் ஆகும். இலங்கையில் மலைப்பாம்பு முதலியவை சட்டத்தாற் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்து வீட்டில் வளர்த்தல் குற்றம். கிணற்றடியில் பாம்பைக் கண்டால் தடியையோ பெட்டியையோ தேடவேண்டா. விலகி நின்று, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தலே தக்கது. வெயிலும் நிழலும் அளவோடு அமைந்த வீடு அதற்கு வேலியோரத்திலேயே இருக்கிறது.