காமாலையோடு குளிர்காய்ச்சல் வந்தால்

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதன் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். உணவைச் செரிக்க வைக்கும் நீர் அங்கே சுரக்கிறது. அந்த நீர் ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலுக்குப் போகிறது. கல்லீரலில் இருந்து பித்தநீர் கொண்டுவரும் குழாயும் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது.

கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் இந்தக் குழாய்களை நெருக்கும். பித்தநீர் குடலுக்குப் போகாமல் இரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும். சிறுநீரின் நிறம் அடர்த்தியாகும். மலம் வெளுக்கும். உடல் அரிக்கும்.

ஓடும் வாய்க்கால் நீர் எளிதில் கெடாது. தேங்கிய நீர் கெடும். பித்தநீரும் அப்படித்தான். தேங்கினால் அதில் கிருமிகள் பெருகும். கணையக் குழாயிலும் சிலருக்குச் சீழ் பிடிக்கும். ஆனால் அது அரிது.

பித்தக்குழாயில் கிருமி பெருகினால் மூன்று அறிகுறிகள் தோன்றலாம். நடுக்கத்துடன் காய்ச்சல், வலது மேல் வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை. பிரான்சு நாட்டு மருத்துவர் சார்கோ 1877ஆம் ஆண்டிலேயே இதைக் கூறினார். மூன்றும் எல்லோருக்கும் சேர்ந்து வராது. முதியவர்களுக்குச் சில சமயம் மயக்கமும் குழப்பமும் மட்டுமே தெரியும். கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கு ஆபத்து.

மருத்துவர்கள் ஊசி வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து தருவார்கள். வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, அடைத்த குழாயில் 'ஸ்டென்ட்' என்னும் சிறு குழாயை வைப்பார்கள். தேங்கிய நீர் வடிந்துவிடும். இது புற்றுநோயைக் குணமாக்காது. ஆனால் உயிரைக் காக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடரவும் உதவும்.

ஸ்டென்டும் அடைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஸ்டென்டைப் பெரும்பாலும் மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும். மருத்துவர் சொன்ன தேதியைத் தவறவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவருக்கும் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மைசூரு இர்வின் சாலையில் அரசு கே.ஆர். மருத்துவமனை உள்ளது. ஊர் மக்கள் அதை 'தொட்டாஸ்பத்ரே', அதாவது பெரிய ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே போகலாம். வண்டி இல்லையென்றால் 108க்குப் போன் செய்யலாம். பழைய மருத்துவச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

எல்லாக் காமாலையும் புற்றுநோய் அல்ல. கிருமியாலும் பித்தக்கல்லாலும் வரும். காரணம் இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் தெரியும். கீழாநெல்லி அடைப்பைத் திறக்காது. சூடு போட்டால் புண்தான் மிஞ்சும். அதற்குள் பொன்னான நேரம் போய்விடும்.