துண்டுகள் சேர்ந்த தேவாலயம்

பாரிசு நகரின் நோத்ர தாம் தேவாலயத்தை 2010-ஆம் ஆண்டு ஆன்ட்ரூ டாலன் என்னும் பேராசிரியர் லேசர் ஒளியால் அளந்தார். ஒளி பட்டுத் திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளியாகப் பதியும். ஓரிடத்தில் நின்றால் தூணுக்குப் பின்னுள்ளது கருவிக்குத் தெரியாதன்றோ? ஆகவே 50-க்கும் மேற்பட்ட இடங்களில் அதனை நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளைத் திரட்டினார்.

இத்தகைய அளவைகள் முதலில் தனித்தனித் துண்டுகளே. இரு துண்டுகளிலும் காணப்படும், ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், ஏனையவும் தத்தம் இடத்தில் அமரும். எஞ்சும் சிறு விலகலைக் கணினி, மிக அருகிலுள்ள புள்ளிகளை மீண்டும் மீண்டும் இணைத்துப் பார்த்துக் குறைக்கும். தொடக்கமே பெரிதும் தவறினாலோ, கணினியும் தவறான இடத்திலேயே நின்றுவிடும்.

டாலன் 2018-இல் மறைந்தார். 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் தீ மூண்டு, தேவாலயத்தின் மரக்கூரையை அழித்தது. அவர் விட்டுச்சென்ற அளவைகள் சீரமைப்புப் பணிக்கு உதவின. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பெற்றது.