ஏழாம் நாள் காலை

போராட்டத்துக்குப் போனால் படிப்பு கெடும், போலீஸ் கேஸ் ஆகும், அப்புறம் வேலை கிடைக்காது என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு கேட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் கைது செய்த செய்தி பரவியதும், 2017 ஜனவரி 17 அன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே திரண்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் போராட்டம்.

முதல் தடவை போகிறவரைக் கூச்சம் பிடித்துக்கொள்ளும். கோஷம் போடும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீர் பாக்கெட்டை நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் கை தானாக உயரும், குரலும் கூடவே வந்துவிடும். கடற்கரை விளக்குகள் அணைக்கப்பட்டபோது ஆளுக்கொரு செல்போனை உயர்த்தி வெளிச்சம் காட்டினார்கள். குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தைச் சீர்செய்தார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்ட பெண்கள் இரவெல்லாம் மணலில் பயமின்றி இருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்த நாட்களின் பெரிய வெற்றி இதுதான்.

21-ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று கூட்டம் கலையாமல் இருந்தது. ஏழாம் நாளான 23-ஆம் தேதி காலை போலீஸ் வெளியேற்றத் தொடங்கியது. தேசிய கீதம் பாடியவர்களையும் இழுத்துச் சென்றார்கள். பலர் அலையோரத்துக்கு ஓடினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் பக்கத்துக் குப்பங்களின் மீனவர்கள். அன்றே நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. கூடை சுமந்து வியாபாரம் செய்யும் பெண்களின் பிழைப்பு அதோடு சாம்பலானது. தீ வைத்தது போலீஸ்தான் என்று குப்பத்து மக்கள் குற்றம்சாட்டினார்கள்.

அன்று மாலையே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால், வெற்றியைப் பேசுகிற மேடைகளில் அலங்காநல்லூர் பெயர் வரும், மெரினா பெயர் வரும். நடுக்குப்பத்தின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். காளைக்காக வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களுக்குக் காளையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அடிபட்டு ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள், கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். அதனாலேயே அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

அந்த மெரினாவில் இனி யாரும் போராட்டத்துக்காகத் திரள முடியாது. காவிரிக்காக விவசாயிகள் அங்கே உட்கார அனுமதி கேட்டபோது, கொடுக்க வேண்டியதில்லை என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. இன்று சென்னையில் முதன்முதலாகப் போராடக் கிளம்புகிறவர் முன்கூட்டியே மனு கொடுத்து, வள்ளுவர் கோட்டம் போன்ற ஒதுக்கப்பட்ட இடத்தில், போலீஸ் குறித்துக்கொடுத்த நேரத்துக்குள் கோஷம் போட்டுவிட்டுக் கலைய வேண்டும்.