ஒரு பாதை, மூன்று நாடுகள்

ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. பிறப்பை மருத்துவமனை பதிவு செய்கிறது. பின்னர் உதவித்தொகை வழங்கும் அலுவலகம் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறது. அதன் பின்னர் பள்ளியும் கேட்கிறது. அரசின் ஒரு கைக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை மறு கைக்குக் கொண்டுசேர்க்கும் தூதராகக் குடிமக்கள் ஏன் அலைய வேண்டும்? பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்டோனியா இவ்வினாவுக்கு விடை கண்டது.

1991ஆம் ஆண்டு விடுதலையை மீட்டெடுத்த அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். எல்லாத் தரவுகளையும் ஒரே பெருங்கிடங்கில் குவிக்க அது முனையவில்லை. ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தானே காத்துக்கொள்ளட்டும். தேவையானபோது ஒன்று மற்றொன்றிடம் கேட்டுப் பெறட்டும் என்று முடிவு செய்தது. அதற்காக 2001ஆம் ஆண்டு உருவான மென்பொருளே எக்ஸ்-ரோடு.

இதன் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு துறையின் வாயிலிலும் ஒரு பாதுகாப்புக் கணினி நிற்கிறது. ஓர் அலுவலகம் வேறோர் அலுவலகத்திடம் தரவு கேட்டால், அக்கேள்வியும் விடையும் மறைகுறியாக்கம் பெற்று, மின் முத்திரையுடன் நேரடியாகச் செல்கின்றன. இடையில் எந்த நடுவண் கிடங்கும் இல்லை. யார் யாரிடம் எப்போது கேட்டார் என்பதும் பதிவாகிறது. தம்மைப் பற்றிய தரவை எந்த அலுவலகம் பார்த்தது என்பதைப் பல பதிவேடுகளில் குடிமக்களே இணையவழியில் அறியலாம். அரசு மக்களைக் கண்காணிப்பதைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கும். ஒரே தரவைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதை அந்நாட்டுச் சட்டமும் தடைசெய்கிறது. இச்சட்டம் இல்லையேல் மென்பொருள் மட்டும் பெரிதாக எதையும் சாதித்திராது.

பின்லாந்து வளைகுடாவின் அக்கரையில் உள்ள பின்லாந்து, எஸ்டோனியாவைவிட மக்கள்தொகை மிக்க, செல்வம் மிக்க நாடு. ஆயினும் இத்தகைய அமைப்பைப் புதிதாகக் கட்டாமல், அண்டை நாட்டின் மென்பொருளையே பெற்றுக்கொண்டது. 2013 திசம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் இதற்கான உடன்பாட்டில் மின்கையொப்பமிட்டனர். 2018 பிப்ரவரியில் இரு நாட்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எஸ்டோனியர் பலர் பின்லாந்தில் பணிபுரிவதால், எல்லை கடந்த இந்த இணைப்புக்கு உண்மையான தேவை இருந்தது.

எனினும் பகிர்வில் ஒரு சிக்கல் உண்டு. மூலநிரலை ஒருவர் கொடுத்து மற்றவர் பெற்றபின், இருவரும் தத்தம் விருப்பப்படி அதனைத் திருத்தத் தொடங்கினால், சில ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு மென்பொருள்களாகிவிடும். ஒன்றில் செய்த சீர்திருத்தம் மற்றொன்றுக்குப் பயன்படாது. பொதுக்கிணற்றில் நீர் இறைக்க எல்லாரும் வருவர். தூர்வார யார் வருவார்?

பகிர்வில் இடரும் உண்டு. 2017ஆம் ஆண்டு, எஸ்டோனியாவின் அடையாள அட்டைகளில் இருந்த சில்லில் ஒரு குறைபாடு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மின்கையொப்பமிடப் பயன்படும் அட்டைகளில் ஏறத்தாழ 7,60,000 இதனால் பாதிக்கப்பட்டன. அதே வகைச் சில்லைப் பயன்படுத்திய பிற நாடுகளுக்கும் அக்குறைபாடு பொதுவானது. அந்த ஆண்டு நவம்பரில், புதுப்பிக்கப்படாத அட்டைகளின் மின்சான்றிதழ்களை அரசு முடக்கியது. பலர் இணையம் வழியாகவே தம் அட்டைகளைப் புதுப்பித்துக்கொண்டனர். பலர் சார்ந்திருக்கும் ஒரு பொருளில் பிழை நேர்ந்தால் அது அனைவரையும் தாக்கும் என்பதால், அதனைத் தொடர்ந்து பேணும் பொறுப்பு தெளிவாக இருத்தல் வேண்டும்.

எக்ஸ்-ரோட்டைப் பேணும் பொறுப்பை ஏற்க, இரு நாடுகளும் 2017ஆம் ஆண்டு தாலின் நகரில் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தன. மூலநிரல் யாரும் பார்க்கவும் பயன்படுத்தவும் கூடிய திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு ஐசுலாந்து மூன்றாம் உறுப்பினராக இணைந்தது. பின்லாந்தினர் தம் அமைப்பைச் 'சேவைப் பாதை' என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைக்கின்றனர். ஐசுலாந்தினர் அதற்கு 'நீரோட்டம்' என்று பெயரிட்டுள்ளனர்.