உவர் நிலமும் உமரிப் பூண்டும்

பூநகரி என்றதும் மொட்டைக்கறுப்பன் அரிசியை நினையாதார் இலர். ஈழத்துத் தமிழர் இல்லங்களில் அதற்கு நெடுநாளாகவே பெயருண்டு. ஆனால், அந்நெல் விளையும் மண்ணுக்கும் அதனைச் சூழ்ந்த உவர் நீருக்கும் இடையே ஓயாது நிகழும் போராட்டத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே, கடலும் கடனீரேரியும் அணைந்து கிடக்கும் தாழ்நிலம் பூநகரி. உவர் ஏறியதனால் உழவு கைவிடப்பட்ட வயல்கள் அங்கே உண்டு. நெல்லுக்கு ஒவ்வாத அத்தகைய மண்ணிலேதான் உமரிப் பூண்டு தழைக்கிறது. ஒரே மண்ணில் ஒன்று மாள, மற்றொன்று வாழ்வது எங்ஙனம்?

உப்பு பயிருக்குச் செய்யும் கேடு இருவகைப்படும். வேரின் கலங்களிலுள்ள சாறு மண்ணீரினும் செறிவுடையதாய் இருப்பதனாலேயே வேர் நீரை ஈர்க்கிறது. மண்ணீரில் உப்பு மிகுந்தால் இவ்வேறுபாடு குன்றுகிறது. வயலிலே நீர் நிற்கும். பயிரோ தாகத்தால் வாடும். இது முதற்கேடு.

இரண்டாவது கேடு ஊட்டத்தைப் பற்றியது. சோடியமும் பொற்றாசியமும் இயல்பிலே ஒத்தவை. பயிருக்கு வேண்டுவது பொற்றாசியம். ஆயின் அது புகும் வாயிலிலே சோடியமும் நுழைந்துவிடுகிறது. கல்சியமும் பின்தள்ளப்படுகிறது. நைத்திரேற்று வடிவிலுள்ள நைதரசனைக் குளோரைட்டு மறிக்கிறது. உணவு இருந்தும் பயிர் பட்டினி கிடக்கிறது. இலை வெளிறக் கண்ட கமக்காரர் பசளை போதவில்லையென்று மேலும் இடுவாராயின், துன்பமே பெருகும். பசளையும் ஓர் உப்பன்றோ?

இனி, உவரிலே வாழும் செடிகளைப் பார்ப்போம். கண்டல் மரம் உப்பின் பெரும்பங்கை வேரிலேயே வடித்து நிறுத்திவிடுகிறது. கண்ணா மரம் தன்னுள் ஏறிய உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. அதன் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உமரியின் வழி வேறு. அது உப்பை உள்ளே வரவிட்டு, கலத்தின் நடுவிலுள்ள நீர்ப்பையிலே சிறைவைக்கிறது. அதன் இலைகள் தடித்துச் சாறு நிறைந்திருப்பது இதனாலேயே. அளவான உப்பு அதற்கு உரமாகவும் அமைகிறது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதன் மூன்றிலொரு பங்களவு உப்புள்ள நீரிலே உமரி, நன்னீரிலும் செழிப்பாக வளர்வதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். உப்பு மேலும் மேலும் ஏறினால் உமரியும் குறுகத்தான் செய்யும்.

இங்கே ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. உவரைத் தாங்குதல் விலையின்றிக் கிடைப்பதன்று. உப்பைச் சிறைவைக்கவும் வெளியேற்றவும் சக்தி செலவாகிறது. நீர்ப்பைக்குப் புறத்தேயுள்ள உயிர்ப்பகுதியைக் காக்க உமரி ஆக்கும் பொருளுக்கோ நைதரசன் வேண்டும். வளர்ச்சிக்குச் செல்லவேண்டிய பொருளிலே ஒரு பங்கு காவலுக்குச் செலவாகிறது.

நெல்லுக்கு இத்தகைய காவல் மிகச் சிறிதே. மண்ணின் உவர்ப்பு 4 தெசிசீமன் என்னும் அளவை எட்டினால் அதனை உவர்மண் என்பர். நெல்லோ 3 தெசிசீமனுக்கு மேல், ஒவ்வோர் அலகு ஏற்றத்துக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 சதவீதத்தை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. கேரளத்துக் கரையோர வயல்களில் விளையும் பொக்காளி நெல் உவரைத் தாங்கவல்லது. அதனோடு கலந்து உருவாக்கிய ஏ.ரி. 354 என்னும் இனத்தை அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் 1992 இல் நமக்குத் தந்தது. எனினும், நல்லினமும் ஓரளவே துணைசெய்யும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உவருக்கு மிகவும் அஞ்சும். கோடையில் நீர் ஆவியாக ஆக, அடிமண்ணின் உப்பு மேலேறிப் படிகிறது. மாரி மழை அதனைக் கழுவி இறக்கவேண்டும். புழுதியிலே விதைத்தபின் மழை தாழ்த்தினால் இளம்பயிர் உவரின் வாயிலே அகப்படும்; பூக்குங்காலத்து மழை பொய்த்தால் கதிர் பதராகும்.

ஆகவே, உவருக்கு மெய்யான மருந்து நன்னீரே. உவர்நீரைத் தடுக்கும் அணையும், வயலின் உப்பைக் கழுவிச் செல்லும் வடிகாலும் ஒருங்கே வேண்டும். சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இடுவர். வடிகால் இல்லையேல் அதனாற் பயனில்லை. இரணைமடுவின் மிகைநீர் கனகராயன் ஆற்றின் வழியே சென்று கடலிற் கலந்து வீணாகாமல், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். அணைவேலைகள் நடந்தும் அத்திட்டம் முற்றுப்பெறவில்லை. இனிய நீரைத் தேக்கி உவரை வெல்லலாம் என்பதே அதன் கருத்து.

வயல் வரம்பிலே உமரி தலைகாட்டினால், அதனைக் களையென்று பிடுங்கி எறிவதோடு கடமை தீர்ந்ததென்று கருதலாகாது. அதனைப் பிடுங்கினாலும் உப்பு மண்ணிலேயே இருக்கும். அணை எங்கே உடைந்தது, வடிகால் எங்கே தூர்ந்தது என்று அன்றே தேடுதல் வேண்டும். உமரி வரம்பில் நிற்கும்போது தேடினால் வயலைக் காக்கலாம். அது நடுவயலுக்கு வந்தபின் தேடினால் செலவும் காலமும் பன்மடங்காகும்.